கீழ்மணப்பட்டு வெற்றிக்கதைக்கு ஒரு பக்கம் குறைகிறது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குள்ளிருந்து ஊறி வந்ததல்ல. செல்போனில் வந்தது. 2008 ஆடி மாதம், வேலூரில் டவுன் பஸ்ஸுக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது ஜெஸ்டன் கூப்பிட்டார்.

ஜெஸ்டன் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதற்கு ஒரு பயிலரங்கு நடத்திவிடுவார். நான் அந்த நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிப் பிழைப்பவன். மீதி நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்பவன்.

“பிரதர், ஒரு புக்லெட் போடறோம். ‘பருவநிலை மாற்றமும் பெண் தலைமையும்.’ எட்டுப் பக்கம். வெற்றிக்கதையா இருக்கணும்.”

“யாரைப் பத்தி?”

“கீழ்மணப்பட்டு ஜெயபுஷ்பம் சிஸ்டரைத்தான். நம்மகிட்ட வேற யாரு இருக்காங்க?”

அது உண்மை. 1997இல் மகளிர் குழுக்களைப் பற்றி நாங்கள் போட்ட புத்தகத்தில் ஜெயபுஷ்பம் வந்தார். 2002இல் ‘உள்ளாட்சியில் பெண்கள்’ புத்தகத்தில் வந்தார். 2004இல் ‘கழிப்பறையும் கண்ணியமும்’. மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேலை மாறியிருக்கிறது, பின்னால் கட்டிய பேனர் மாறியிருக்கிறது. அவர் கைகூப்பி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பு மட்டும் அதேதான். இப்போது அவர் பருவநிலைக்கு வந்திருந்தார்.

ஒரு மாதத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் வந்தது, இடமும் கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘ஒரு காலத்தில் பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர்—’

[நிறுத்திவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் பேனா பிடித்த எல்லோரும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறோம். ஆறு வற்றி எத்தனையோ வருஷமாயிற்று. இந்த வாக்கியம் மட்டும் வற்றுவேனா என்கிறது.]

இரண்டாம் முயற்சி:

‘கடந்த நூறு ஆண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை—’

[இதுவும் வேண்டாம். உலக வெப்பநிலை ஏறுவதைப் பற்றி ஜெயபுஷ்பத்திடம் ஒருமுறை கேட்டேன். “உலகத்துக்கு எவ்ளோ ஏறிச்சின்னு எனக்குத் தெரியாது தம்பி. எங்க ஊர்ல வீட்டுக்கு ரெண்டு குடம் கம்மியாய்டுச்சி” என்றார். இதைச் சேர்க்கலாமா என்று ஜெஸ்டனைக் கேட்டேன். குடம் என்பது அளவீட்டு அலகு ஆகாதாம்.]

மூன்றாம் முயற்சி:

‘2003 சித்திரையில், பெண் தலைவர்களை ஊக்குவிக்க ஏலகிரி மலையில் மூன்று நாள் பயிலரங்கு நடந்தது.’

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

பெண்களைத் தலைவர்களாக ஆதரிப்பது என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும்: அவர்களை ஊரைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போவது. மலை, ஹால், மேசையில் பூங்கொத்து, ஆளுக்கொரு துணிப்பை. ஜெயபுஷ்பத்திடம் அப்படிச் சேர்ந்த பைகள் ஒன்பது இருந்தன. பயிற்சியில் சொல்லித் தந்ததைவிடப் பைகள் உபயோகமாக இருந்தன என்று அவர் என்னிடமே சொன்னார். மிளகாய், புளி எல்லாம் அதில்தான்.

மூன்றாம் நாள் பயிற்றுநர் அம்மையார் ஒவ்வொருவரிடமும் “தலைவராக உங்கள் கனவு என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஜெயபுஷ்பத்தின் முறை வந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஊருக்குப் போய்டணும் மேடம். வெள்ளிக்கிழமைதான் எங்க தெருவுக்குக் கிணத்துல முறை.”

பயிற்றுநர் புன்னகையோடு திரும்பி, சார்ட்டில் ‘நேர மேலாண்மை’ என்று எழுதினார்.

ஆனால் அந்த மலையில் ஒன்று நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜெயபுஷ்பம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இந்த ருசிக்கும் ஊர்த் தண்ணீர் ருசிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மனுவிலும் எழுத முடியாது, எழுதினாலும் எவனுக்கும் புரியாது, நாக்கில் பட்டால்தான் புரியும் என்று அவருக்குத் தோன்றியது. நாங்கள் நடத்திய பயிலரங்குகளால் ஏதேனும் பயன் விளைந்தது என்றால் அது இதுதான். இது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

3

ஜெயபுஷ்பம் யார் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். கணவர் சாந்தகுமார் தோல் பதனிடும் டேனரியில், தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்பவர். 2001 உள்ளாட்சித் தேர்தலில் கீழ்மணப்பட்டுத் தலைவர் பதவி பெண்ணுக்கு என்று இருந்தது. தேவாலயத்தில் பாடுவதற்குத் தவிர வேறெதற்கும் பயப்படாமல் எழுந்து நிற்பவர் என்பதால் ஜெயபுஷ்பத்தை நிறுத்தினார்கள். அவர் ஜெயித்தார். முதல் இரண்டு கூட்டங்களில் சாந்தகுமார்தான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரே அவரைத்தான் “பிரசிடெண்ட்” என்றது. மூன்றாவது கூட்டத்துக்கு ஜெயபுஷ்பம் அரைமணி நேரம் முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாந்தகுமார் வந்து பார்த்தார், பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

[ஜெஸ்டன் இந்த இடத்தில் ‘ஆணாதிக்கத்தை எதிர்த்து நீண்ட போராட்டம்’ என்று சேர்க்கச் சொன்னார். போராட்டம் அரைமணி நேரம்தான் நடந்தது.]

இப்போது தண்ணீர். பல வருஷமாகத் தோல் பதனிட்ட உப்பு அந்தப் பக்கத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. முன்பெல்லாம் வருஷா வருஷம் பெய்யும் மழை அதைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். கிணறுகள் பிழைத்துக்கொள்ளும். 2001இல் மழை குறைந்தது. 2002இல் ஏமாற்றிவிட்டது. கைப்பம்பில் வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும், கசக்கும். பருப்பு வேகாது. பால் ஊற்றினால் திரிந்துவிடும். குடிக்கிற மாதிரி இருந்தது மலையடிவாரத்துக் கிணறு ஒன்றுதான். போக நாலு மைல், வர நாலு மைல். அதற்கும் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை.

டேனரிகளை எதிர்த்து ஜெயபுஷ்பம் மேடையில் முழங்கினார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் முழங்கவில்லை. புருஷன் சம்பளம் அங்கிருந்து வருகிறது, தான் தைக்கும் தோல் அங்கிருந்து வருகிறது, இதையெல்லாம் யோசிக்காமல் பேச அவருக்கு வராது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மேட்டூர்ப் பக்கத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ நல்ல தண்ணீர் குழாயில் வரட்டும். அந்த வருஷம் குழாய்த் திட்டத்தில் சேர்க்க ஊர்ப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் கீழ்மணப்பட்டு பெயர் வரவேண்டும். அவ்வளவுதான் இந்தக் கதை.

4

பட்டியலில் பெயர் வர, தண்ணீர் கெட்டது என்று காட்டவேண்டும். மூன்று தடவை பாட்டிலில் பிடித்து வேலூருக்கு அனுப்பினார். முதல் பாட்டிலில் லேபிள் இல்லை என்றார்கள். இரண்டாவதில் லேபிள் இருந்தது, தேதி இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. அது ஆபீஸ் பீரோ மேலேயே இருந்துவிட்டது. பிறகு ஒரு வழியாக, குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும் என்று கடிதம் வந்தது.

நேரில் வருகிறார்கள் என்றதும் ஜெயபுஷ்பத்துக்கு மலையில் குடித்த அந்த மூன்று டம்ளர் ஞாபகம் வந்தது. இவர்களைக் குடிக்க வைத்துவிட வேண்டும். வெறும் தண்ணீர் கொடுத்தால் ஆபீசர்கள் குடிக்கமாட்டார்கள், கையில் பாட்டில் வைத்திருப்பார்கள். டீ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

நசீமுன்னிசாவின் வீட்டுக்குப் போனார். நசீமுன்னிசா மூன்றாவது வார்டு உறுப்பினர். ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் டீ அவர் கைப்பக்குவம்தான்.

“நசீமு, நாளைக்கு ஆபீசருங்களுக்கு நீதான் டீ போடணும். கைப்பம்புத் தண்ணியில போடு. வேற தண்ணி ஒரு சொட்டு சேரக்கூடாது.”

“பால் திரிஞ்சிடுமேக்கா.”

“திரியட்டும். திரிஞ்சபடியே கொண்டா.”

“ஆபீசருக்கா?”

“ஆபீசருக்குத்தான்.”

நசீமுன்னிசா கொஞ்ச நேரம் ஜெயபுஷ்பத்தின் முகத்தையே பார்த்தார். பிறகு “சரிக்கா” என்றார்.

5

ஜீப் பதினொரு மணிக்கு வந்தது. பொறியாளர் கோதண்டராமன், அவருடைய உதவியாளர், ஜெஸ்டன், குறிப்பெடுக்க நான்.

(ஆம், நானும் அங்கே இருந்தேன். இதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம் என்றுதான் முதல் இரண்டு வரைவிலும் பார்த்தேன். மூன்றாவது வரைவில் என் மனசாட்சிக்கு விழிப்பு வந்தது என்று நினைக்க வேண்டாம். கதைக்கு ஆள் போதவில்லை.)

உதவியாளர் பரிசோதனைப் பெட்டியைத் திறந்தார். அதில் ஊற்ற வேண்டிய மருந்து தீர்ந்துபோய் ஆறு மாதமாயிற்று என்றார். பெட்டியை மூடினார். கோதண்டராமன் கைப்பம்புத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“கலர் ஒண்ணும் இல்லியேம்மா.”

“கலர்ல இல்ல சார். ருசியில இருக்குது” என்றார் ஜெயபுஷ்பம்.

“அப்படியா? சரி, பாக்கலாம்” என்று டம்ளரைக் கீழே ஊற்றினார்.

 இன்னும் பத்து நிமிஷம், டீ வந்துவிடும், பிறகு தான் பேசவே வேண்டியதில்லை என்று ஜெயபுஷ்பம் இருந்தார். எல்லோரையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார வைத்தார்.  

டீ வந்தது. பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், யாரோ ஒருவர் வீட்டுச் சீதனமாக இருக்கவேண்டும். ஏலக்காய் வாசனை அறை முழுக்கப் பரவியது. மேலே பொன்னிறமாக ஒரு ஆடை. கோதண்டராமன் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார்.

“பிரமாதம். ஆம்பூர்ல இப்படி ஒரு டீ நான் குடிச்சதே இல்ல.”

ஜெயபுஷ்பம் தன் கோப்பையை வாயில் வைத்தார். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நசீமுன்னிசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், இது எங்க தண்ணி இல்ல சார்.”

“அட, இப்பதானேம்மா குடிச்சேன்?” கோதண்டராமன் சிரித்தார். “இன்னொரு கப் கிடைக்குமா?”

ஜெயபுஷ்பம் எழுந்து வெளியே ஓடினார். பம்பை அடித்து ஒரு சொம்பு பிடித்து வந்து நீட்டினார். “இத்தக் குடிங்க சார். ஒரே ஒரு மடக்கு.” சொம்பு தளும்பி மேசைமேல் சிந்தியது.

“டீ குடிச்ச வாயில உடனே தண்ணி குடிச்சா எனக்கு ஒத்துக்காதும்மா” என்றார் கோதண்டராமன். பொய் சொல்லவில்லை, நம்மில் பாதிப் பேருக்கு ஒத்துக்காது.

ஜீப்பில் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னார்: “ரிப்போர்ட்டுல தண்ணியப் பத்தி ஒரு வரி வேணும். நீங்கதான் நல்லாத் தமிழ் எழுதுவீங்களே, நீங்களே போடுங்க.” நான் எழுதினேன்: ‘குழுவினர் நீரின் சுவையை நேரில் அறிந்தனர், ஏற்கத்தக்கது.’

ஜெயபுஷ்பம் ஓடிப்போய் சொம்பு கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் டீ நன்றாக இருந்தது, நானும் இரண்டு கப் குடித்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய வாக்கியங்களில் நிஜமாகவே ஏதோ ஒன்றை நடத்திக் காட்டிய ஒரே வாக்கியம் அதுதான். அந்த வரியை வைத்து கீழ்மணப்பட்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

6

இப்போது நசீமுன்னிசாவைப் பற்றி.

*அடிக்குறிப்பாகப் போடவேண்டியதை நடுவில் சொல்கிறேன்: ஜெஸ்டன் இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடச் சொன்னார். “ஒரு பெண் தலைவருக்கு இன்னொரு பெண்ணே தடையா இருந்தாங்கன்னு வந்தா மெசேஜ் கெட்டுப்போய்டும் பிரதர்.” எனக்கும் ஒரு சமயம் சந்தேகம் வந்தது, இவரை நானே சௌகரியத்துக்கு உண்டாக்கிவிட்டேனோ என்று. ஆனால் நான் உண்டாக்கியிருந்தால் அவருக்கு ஒரு பொறாமையோ பழைய பகையோ கொடுத்திருப்பேன். அவரிடம் அப்படி எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஜீப் போனதும் ஜெயபுஷ்பம் அலுவலகத்துக்குப் பின்னால் போனார். அங்கே நசீமுன்னிசாவோடு ஐந்து பெண்கள் நின்றார்கள். ஆறு பேர் சேலையும் இடுப்பில் ஈரமாக இருந்தது. விடியற்காலையே எழுந்து மலையடிவாரத்துக்குப் போய், வேற்றுத்தெரு முறையில் கெஞ்சிக் கூத்தாடி, ஆளுக்கொரு குடம் கொண்டு வந்திருந்தார்கள்.

“இன்னா வேலை செஞ்சிட்ட நசீமு! நான் எவ்ளோ சொன்னேன்!”

“இன்னாக்கா பண்ணச் சொல்ற? பிரசிடெண்ட் கூப்ட்டு வந்த மனுஷங்களுக்குத் திரிஞ்ச டீயவா வெக்கறது? நாளைக்கு ஆபீஸ் பூரா சொல்வாங்க, பொம்பள பிரசிடெண்ட்டு, ஒரு டீ போட்டுக் குடுக்கத் துப்பில்லன்னு. உனக்கு மானம் போனா எங்களுக்குப் போன மாதிரி இல்லியா?”

“மானம் போனாத்தான்டி தண்ணி வரும்!”

 ஒரு பெண் மெதுவாக, “ஆனா டீ நல்லா இருந்துச்சின்னு சொன்னாரே” என்றாள்.

ஜெயபுஷ்பம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கு ஆத்திரம். அதைவிட, அந்த ஆறு ஈரச் சேலைகளைத் திட்ட முடியாத வேதனை. தனக்காக எட்டு மைல் நடந்தவர்களைத் தான் எப்படி வைவது?

உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் மூடி போட்ட ஒரு தவலை உண்டு. அதில் நல்ல தண்ணீர். வீட்டார் தொடமாட்டார்கள், பிள்ளைகள் கேட்டாலும் கிடைக்காது. அது வருகிறவர்களுக்கு. மாப்பிள்ளை வீட்டார், பாஸ்டர், பள்ளிவாசல் ஹஜ்ரத், டீச்சர், ஓட்டுக் கேட்டு வருபவர், கணக்கெடுப்புக்கு வருபவர், எல்லோருக்கும் அந்தத் தவலையிலிருந்துதான். இத்தனை வருஷத்தில் கீழ்மணப்பட்டுக்கு வந்துபோன வெளியாள் ஒருவர்கூட கீழ்மணப்பட்டுத் தண்ணீரைக் குடித்ததே இல்லை. ஊரைவிட்டுப் போகும்போது எல்லோரும் ‘நல்ல ஜனங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு வாரம் அவர் நசீமுன்னிசாவோடு பேசவில்லை. எட்டாம் நாள் நசீமுன்னிசாவே வந்தார். “எனக்கு ஒரு வேலை குடுக்கா. திட்டணும்னா திட்டிட்டுக் குடு” என்றார்.

ஜெயபுஷ்பம் திட்டிவிட்டுக் கொடுத்தார்.

7

பட்டியலில் இல்லாத ஊர் என்ன செய்யும்? இருக்கிற கிணற்றைக் காப்பாற்றும். ஜெயபுஷ்பம் கிணற்று முறையைத் திருத்தினார்: வீட்டுக்கு இத்தனை குடம், கர்ப்பிணி வீட்டுக்கு ஒன்று அதிகம், தலைவர் வீட்டுக்குக் கடைசியில். அதைக் கறாராக நடத்தும் பொறுப்பு நசீமுன்னிசாவுக்கு. அவரிடம் தப்பித்து ஒரு குடம் ஜாஸ்தி எடுத்தவர் ஊரில் இல்லை. மலையிலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பப் பெண்கள் சேர்ந்து கால்வாய் வெட்டினார்கள். வெட்டி முடித்து ஒன்றரை வருஷம் அதில் தூசிதான் ஓடியது.

பிறகு 2005 கார்த்திகையில் மழை வந்தது. இரண்டு வருஷத்துக்கு வரவேண்டியது ஒரே வாரத்தில் வந்தது. வீடுகள் இடிந்தன, ஆறு ஓடியது, கால்வாய் பாதி உடைந்தாலும் மீதி வேலை செய்தது, கிணறு நிரம்பியது. அந்த வாரம் ஜெஸ்டன் கேமராவோடு போனார். நிரம்பிய கிணறு, சிரிக்கும் பெண்கள். அந்தப் படம்தான் இப்போது அட்டையில்.

2006இல் கீழ்மணப்பட்டுத் தலைவர் பதவி பொதுவாயிற்று. வேறொருவர் தலைவரானார். எங்கள் நிறுவனம் ஜெயபுஷ்பத்தைப் பயிற்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. ஊர்ப் பெண்கள் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. 2007 கோடையில் மலையடிவாரக் கிணற்றுத் தண்ணீரும் லேசாகக் கரிக்கத் தொடங்கியது.

முடிவு, முதல் வகை, ஜெஸ்டன் கேட்டபடி:

‘இன்று கீழ்மணப்பட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெயபுஷ்பத்தின் தலைமை அதைச் சாதித்தது.’

முடிவு, இரண்டாம் வகை, எனக்குப் பிடித்தபடி:

‘ஜெயபுஷ்பம் கிணற்றின் விளிம்பில் தனியாக நின்றார். தொலைவில் ஒரு—’

[தொலைவில் என்ன இருக்கவேண்டும் என்று அரைநாள் யோசித்தேன். பறவையா, ரயில் சத்தமா. பிறகுதான் தோன்றியது, ஜெயபுஷ்பம் எந்தக் கிணற்றடியிலும் தனியாக நின்று நான் பார்த்ததில்லை. எப்போதும் பத்துப் பேர் சுற்றி நின்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.]

முதல் முடிவையே வைத்துக்கொண்டு, அவரிடம் வாசித்துக் காட்டிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்மணப்பட்டுக்குப் போனேன். மரியாதைக்காகத்தான். அவர் கருத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. நசீமுன்னிசாவும் இருந்தார். நான் முழுவதும் வாசித்தேன். டீ வந்த இடத்தில் நசீமுன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயபுஷ்பம் அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினார். கடைசி வரியும் வாசித்தேன்.

“பேச்சுக்கே இடமில்லன்னா நான் நேத்து இன்னாத்துக்கு எட்டு மைல் நடந்தேன்?” என்றார் நசீமுன்னிசா.

ஜெயபுஷ்பம் சிரிக்கவில்லை.

“இந்த புக்கு யார் யாருக்குப் போவும் தம்பி?”

“எல்லாத்துக்கும் போகும்கா. கலெக்டர் ஆபீசுக்கே ஐம்பது.”

“குடிநீர் ஆபீசுக்கு?”

“அங்கயும்.”

 அவர் சொன்னார்: “புதுசா லிஸ்ட் எடுக்கறாங்க, தெரியுமா? ஆவணியில முடிவு பண்றாங்க. எங்க ஃபைல் இன்னும் அங்க உசுரோட இருக்குது. திங்கக்கெழம திங்கக்கெழம நாங்க போய் அத்தப் பாத்துட்டுத்தான் வர்றோம். உங்க புக்கு போய் அது மேல உக்காந்துச்சின்னா இன்னா ஆவும்? இந்த ஊரு ஜெயிச்ச ஊரு, இவங்களுக்கு எதுக்குன்னு மூடி வெச்சிடுவாங்க. நீங்க என்னத் தலைவின்னு எழுதுவீங்க. என் பேரச் சொல்லியே என் ஊருக்குத் தண்ணிய நிறுத்துவாங்க.”

எனக்குச் சுரீரென்றது. ஒரு வரி எழுதி இந்த ஊரை ஏற்கனவே ஒருமுறை பட்டியலுக்கு வெளியே நிறுத்தியவன் நான். அதை அவர் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியது யார் என்று, ஐந்து வருஷம் கழித்து, சற்றுமுன் நான் வாசித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் “தம்பி” என்றுதான் கூப்பிட்டார்.

“அப்ப தண்ணி வரலன்னே எழுதிடறேன்கா.”

“எழுதினா புக்கு போடுவாங்களா?”

“போடமாட்டாங்க.”

“போடலன்னா எவன் படிப்பான்?”

 நசீமுன்னிசா ஏதோ சொல்ல வந்தார். ஜெயபுஷ்பம் கைகாட்டி நிறுத்தினார்.

“எட்டுப் பக்கம்தான? ஏழு பக்கத்த அப்படியே குடுங்க. எட்டாவது பக்கத்தக் காலியா வுட்டுடுங்க.”

“காலியாவா?”

“அப்புறம் இன்னா ஆச்சின்னு தெரியாம படிக்கறவன் பேஜாராகட்டும். பத்துப் பேர் பேஜாரானா ஒருத்தன் கேக்க வருவான். வந்துட்டான்னா நான் பாத்துக்கறேன்.”

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதை நான் பல கதைகளில் செய்திருக்கிறேன். நவீன உத்தி என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பெரும்பாலும் எனக்கு முடிவு தெரியாததால்தான் அப்படிச் செய்தேன். ஒரு முடிவை எழுதாமல் விட்டு ஒரு ஊரைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று ஷூ தைக்கும் ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஜெஸ்டன் ஒப்புக்கொள்ளவில்லை. “வெள்ளைப் பக்கம் விட்டா படிக்கறவங்க பிரஸ்காரன் தப்புன்னு நெனப்பாங்க பிரதர்” என்றார். அவரே நான்கு வரி எழுதிச் சேர்த்துவிட்டார். வெற்றி, மகிழ்ச்சி, புன்னகை, நன்றி. நேற்று அச்சகத்திலிருந்து மெய்ப்பு திருத்துவதற்காக என் கைக்கு வந்தது. நான்கு வரியையும் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில் ‘காலியாக விடவும், தவறல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அச்சகத்தார் என் சிவப்பு மைக்குக் கட்டுப்படுவார்களா, ஜெஸ்டனின் தொலைபேசிக்குக் கட்டுப்படுவார்களா, தெரியாது. எனக்கு இனி அங்கே வேலை இருக்குமா என்பதும் தெரியாது. அதனால்தான் முழுவதையும் இங்கே தனியாக எழுதி வைக்கிறேன்.

8

பட்டியல் இன்னும் வரவில்லை. அதில் கீழ்மணப்பட்டு வரும் என்றோ வராது என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஊகித்தும் சொல்லமாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்தாகவேண்டும் என்றால் ஆம்பூர் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறுங்கள். ஷேர் ஆட்டோவும் உண்டு. ஆற்றுப்பாலம் தாண்டி மூன்றாவது நிறுத்தம். ஜெயபுஷ்பம் வீடு என்று கேட்டால் நீங்கள் எந்த ஆபீஸ் என்று திருப்பிக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்குள் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் சர்ச்சில் இருப்பார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். அடுத்த திங்கட்கிழமைக்கான மனுவை எடுத்து உங்கள் முன்னால் விரிப்பார். நான் பார்த்தபோது நூற்றுப் பதினாறு கையெழுத்துகள் இருந்தன, நூற்றுப் பதினாறாவது என்னுடையது. அதற்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.